அட்டையில் ஒரு பெயர்

தங்கையின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், மாப்பிள்ளை தன் அண்ணனை அனுப்பி, "தம்பிக்கு இஷ்டமில்லையாம்" என்று சொல்லவைத்தான். நேரில் வந்து சொல்ல அவனுக்கு முகமில்லை. தங்கை ஒரு வருஷம் யாரோடும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சாப்பிடவைத்தது அக்காதான்.

அக்காவுக்கு அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலை. ஓடிப்போன மாப்பிள்ளை, பேர்போன ஒரு பாப் பாடகியின் குழுவில் டிரம் வாசிப்பவன். பாடகியின் சிறந்த பாடல்களைத் தொகுத்து கேசட் போட்டபோது, அதன் அட்டை வேலை அக்காவின் மேசைக்கே வந்தது. கலைஞர்கள் பட்டியலில் நாலாவதாக அவன் பெயர். அதிலிருந்த துணைக்காலை எடுத்துவிட்டாள். காலை வாரிவிட்டவனுக்குக் கால் எதற்கு? பெயர் வேறு யாருடையதோ ஆனது. கம்பெனிக்காரர்கள் பாடகியின் முகம் பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழு வருஷம் கழித்து, இரண்டு புதுப் பாட்டுச் சேர்த்து அதையே சிடியாக வெளியிட்டார்கள். இம்முறை அவன் பெயர் நன்றிப் பட்டியலில், வேன் ஓட்டுநருக்கும் டீ வாங்கித் தந்தவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. இருபதாம் ஆண்டு இசைத்தட்டோடு படப் புத்தகமும் வந்தது. குழுப் படத்தில் ஓரமாக நின்றிருந்தவனை வெட்டினாள். முழங்கை மட்டும் மிஞ்சியது. அதற்குள் தங்கைக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அக்காவுக்குத்தான் ஆறவில்லை.

ஒருநாள் காலை மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவனே அச்சகத்துக்கு வந்தான். தலை வழுக்கை.

"என் பையன் நம்ப மாட்டேங்கிறான் மேடம். 'நிஜமா நீதான் வாசிச்சியா'ன்னு கேக்கறான்."

"மூணு தடவையும் பக்கம் போட்டது நான்தான்" என்றாள். "என்னைத் தெரியலையா?"

அவன் உற்றுப் பார்த்தான். தெரிந்தது.

"அவ எப்படி இருக்கா?"

"அதைக் கேக்க உங்களுக்கு என்ன உரிமை?"

அவன் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனான்.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் பதறினாள். "இருபது வருஷமாவா? எனக்கு அந்த ஆள் மூஞ்சியே மறந்துபோச்சு. விட்டுடு அக்கா."

"நீ மறந்துட்டே. நல்லது" என்று போனை வைத்தாள்.

இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தாள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அவன் பெயரும் இல்லை, டிரம் என்ற சொல்லும் இல்லை.