உடம்பு வச்சிட்டு வா: கஹவத்தைக்கு ஒரு பரிசப் பயணம்

2008 ஆகஸ்டில் டொரொன்டோவிலிருந்து பத்து நாள் லீவில் ஊருக்குப் போய் வந்தேன். அக்கா மகள் தர்சினிக்குப் பரிசம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். அக்கா போனில் தேதி சொல்லிவிட்டு, "தம்பி, கொஞ்சம் உடம்பு வச்சிட்டு வா. ஒன் போட்டோவ பாத்துட்டு மாப்பிள்ள வீட்டுல ஒனக்கு என்னமோ பெரிய வருத்தம்னு பேசிக்கிறாங்க. பொண்ணுக்கும் வந்துருமோன்னு யோசிக்கிறாங்க" என்றாள். இரண்டு கிழமையில் எப்படி உடம்பு வைப்பது, சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் நூற்று நாற்பத்தெட்டு கிலோ. டொக்டர்கள் இரைப்பையை வெட்டி, ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கிக் குடலோடு இணைத்துவிட்டார்கள். இப்போது எழுபத்தொன்று. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் போனது, முழங்கால் வலி போனது, கூடவே பாதி முடியும் போனது. வயிற்றுத் தோல் தொங்குகிறது. விற்றமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. பசி எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. ஊரில் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "டயட்" என்று ஒற்றைச் சொல்லில் சமாளித்து வந்தேன்.

புறக்கோட்டையில் காலை 5.40க்கு எம்பிலிப்பிட்டிய பஸ். கஹவத்தைக்கு 180 ரூபாய். அவிசாவளைக்கு முன்னால் ஒரு செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் இருப்பவன் பழைய ஆள், கன்னம் இரண்டும் படத்துக்கு வெளியே வழிகிறது. சிப்பாய் அதைக் காட்டி, "மே கவுத?" யார் இது என்று கேட்டார். "மம தமய் சேர்" என்றேன். நான்தான் என்று சொல்லும்போது எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்குள் கொண்டக்டர், "பவ், லெடெக்" என்றார். பாவம், நோயாளி. உடனே விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து எனக்கு சீட்டும் கொடுத்தார். உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

இரத்தினபுரி 9.20, கஹவத்தை 10.45. அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஓட்டோ 350 ரூபாய். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் அக்கா என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் பரிசம். ராக்வானைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டு மாற்றியதும் மாப்பிள்ளையின் அம்மா தாய்மாமன் வாயில் மூன்று பிடி சர்க்கரைப் பொங்கல் ஊட்ட வேண்டும். வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். இனிப்பு என் வயிற்றுக்கு ஆகவே ஆகாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? மூன்று பிடியையும் விழுங்கினேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, சட்டை வேர்வையில் நனைந்தது, பாயிலேயே சாய்ந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா மாற்றிய தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். "அவருக்கு என்ன வருத்தம்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

கதவோரம் நின்ற தர்சினியின் முகத்தைப் பார்த்தேன். இனி மறைத்துப் பயனில்லை. படுத்தபடியே சட்டையைத் தூக்கி ஐந்து தழும்பையும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இது பரவாதுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வெட்டினது எப்படிங்க பரவும்?"

அந்த அம்மா குனிந்து என் வயிற்றைப் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்துவிட்டு, தாம்பாளத்தை மறுபடி நடுவில் தள்ளினார். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின் அடுப்படியில் கேட்டாள்: "ஏன்டா, அந்தப் பஞ்சத்துல ரேசன் மாவு ரொட்டிய ரெண்டா பிச்சுத் தின்னுட்டு தண்ணி குடிச்சிப் படுத்தோமே. தம்பிப் பாப்பா பசியில செத்துச்சே. நீ சாப்பிடாம இருக்கவா டொக்டர்கிட்ட போன?"

ஆறு வருடமாக என் பக்கத்தில் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். வெட்டாவிட்டால் செத்திருப்பேன் என்றேன். அதுவும் உண்மைதான், அவள் கேட்டதும் உண்மைதான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

என்னைப் போல வயிற்றை வெட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அடையாள அட்டைப் படத்தை மாற்றிவிட்டுப் போங்கள். டொக்டர் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும். மாத்திரையைப் பத்து நாளுக்கு மேலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், கஹவத்தையில் கிடைக்காது. முக்கியமாக, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாயில் விழுந்து சொல்வது கேவலம்.

கிளம்பும் அன்று லயமே வாசலில் நிற்க, அக்கா தலையணை அளவில் ஒரு சோற்றுப் பார்சலைத் தந்தாள். "வழியில சாப்பிடு" என்றாள், அவ்வளவுதான். இவ்வளவு சொல்லியும் விளங்கவில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. பெல்மதுளையில் பஸ் நின்றபோது பிரித்தேன். பேப்பருக்குள் பேப்பர், அதற்குள்ளும் கசக்கிய பேப்பர். நடுவில் ஐந்து குட்டிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிடி சோறு, பருப்பு, கொஞ்சம் கருவாடு. இனிப்பு எதுவும் இல்லை. நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தம்பிக்குச் சோற்றைக் குறைச்சுக் கட்டி அனுப்பினாள் என்று லயத்தில் பேச்சு வரக்கூடாதே, அதற்குத்தான் அத்தனை பேப்பர்.

பசிக்கிறதா இல்லையா என்று தெரியாமலே முதல் பிடியை அங்கேயே சாப்பிட்டேன்.