யார் பேர்ல சீட்டு?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காக்கிச் சட்டையில் கழுத்து வரை பட்டன். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தார்.

நானும் படிக்கத் தெரிந்தவன் மாதிரி எட்டிப் பார்த்தேன்.

"என்னா சார், கல்யாணப் பத்திரிகையா?"

"டாக்டர் சீட்டு தம்பி. நான் ஆபீஸ்ல பியூனு. வேலை நிரந்தரமானதே ரொம்ப லேட்டாத்தான். அடுத்த மாசம் ரிட்டயர்டு. சம்பளமில்லாம ஒரு வருஷம் லீவு போட்டிருந்தேன். அதைக் கழிச்சா சர்வீஸ் பத்து வருஷம் வரலையாம். பென்ஷன் கெடையாதுங்குறாங்க. ஒடம்பு சரியில்லன்னு டாக்டர் சீட்டு குடுத்திருந்தா அதுவும் சேந்திருக்குமாம்."

"அதான் கையில இருக்கே!"

"இது எம்பொண்டாட்டி பேர்ல இருக்கு. படுத்திருந்தது அவதானே? ஒம்பேர்லயே எழுதித் தரேன்னாரு டாக்டரு. எனக்குத்தான் ஒண்ணுமில்லியே சார்னுட்டேன்."

அவரைச் சிரிக்க வைக்கலாமென்று, "நான் அஞ்சாப்புல லீவு போட்டவன் சார். இன்னும் ஜாயின் பண்ணல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சீட்டு குடுத்தியா தம்பி?" என்றார் கவலையாக.

அரியலூரில் இறங்கியவர், நடந்துகொண்டே மறுபடி கவரைத் திறந்தார். அதற்குள் பேர் மாறியிருக்குமா என்று பார்த்தாரோ என்னவோ. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலியை வரவழைத்தே பள்ளிக்கூடத்துக்கு முடிவு கட்டியவன் நான். ஒரே ஒரு தடவை தனக்குக் காய்ச்சல் என்று சொல்ல அந்த மனுஷருக்கு ஏன் வாய் வரவில்லை?