தலை தனியாக வராத எஞ்சின்

ஜூலை 11, காலை 10.20, மெல்லிய சாரல். திணறி நின்றுபோன என் புல்வெட்டும் எஞ்சினை மேலகரத்துப் பட்டறையில் இறக்கினேன். வாழைக்குள் களை முழங்கால் உயரம். மெக்கானிக் புதிது வாங்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவர் ஒல்லியான மனிதர். எதையும் கழற்றும் முன் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

"சிலிண்டர்ல ஒரு தகட்டக் காணமே அண்ணாச்சி. நெம்புனியளோ?"

சூடு தணிய சிலிண்டரைச் சுற்றி வரிசையாக இருக்கும் தகடுகளில் உடைந்துபோன ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். என் மொபெட்டில் நாலு நட்டைக் கழற்றினால் சிலிண்டரின் தலை தனியே வரும், கரியைச் சுரண்டலாம். அந்த நினைப்பில் இதையும் ஸ்குரூடிரைவரால் நெம்பியிருந்தேன்.

"இதுல தலையும் சிலிண்டரும் ஒரே வார்ப்புல்லா. எங்கன தனியா வரும்?"

அடியிலிருந்த இரண்டு போல்ட்டைக் கழற்றி, தொப்பியை எடுப்பதுபோல் சிலிண்டரை முழுதாக உருவினார். புகை போகும் துவாரத்தில் கரி அடைத்திருந்தது. மூங்கில் குச்சியால் சுரண்டினார்.

"சிலிண்டர் போச்சா?"

"ஒரு கீறல் இல்ல. இன்னும் பத்து வருஷம் ஓடும், நீங்க கைய வைக்காம இருந்தா."

சிலிண்டரின் அடியில் புது கேஸ்கெட் அட்டையை வைத்துப் பூட்டினார். கயிற்றின் மூன்றாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. அவர் என் தகட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே அதேபோல் பதினொரு உடைந்த தகடுகள் இருந்தன. எண்ணியபின் என் வெட்கம் குறைந்தது.

கூலியும் கேஸ்கெட்டும் சேர்த்து 290 ரூபாய்.