மதிக்கு என்ன நட்சத்திரம்?

இன்று திருக்கடையூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் நாவல் படித்தபடி விம்மிக்கொண்டிருந்தாள். மதி என்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் கதை.

முன் சீட்டு அக்கா பதறித் திரும்பினார். "ஏம்மா அழுவுற?"

"மதி பொழைக்க மாட்டா போலருக்குங்க."

"நான் கோயிலுக்குத்தான் போறேன். அவ நட்சத்திரத்தைச் சொல்லு, அர்ச்சனை பண்ணிடுறேன்."

"ஐயோ அக்கா, இது கதைங்க!"

"இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?"

"நாப்பது."

"அப்ப உசுரோடதானே இருக்கா? நட்சத்திரத்தைச் சொல்லு."

அந்த நாவலைப் போன வாரமே முடித்தவள் நான். இருப்புக்கொள்ளாமல் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கிவிட்டேன்.

நாவலைப் படித்தவர்கள் மதியின் நட்சத்திரத்தைக் கமெண்டில் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லாதீர்கள், அக்கா அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறார்.