தெல்தோட்டை ஏற்றத்தில் ஐந்து பேரும் ஒரு பழைய காரும்

அம்மாவுக்கு இந்தப் பள்ளித் தவணையிலிருந்து தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு இடமாற்றம். பஸ்ஸில் போவதென்றால் கண்டியில் எங்கள் வீட்டைவிட்டுக் காலை 5.20க்குக் கிளம்ப வேண்டும். கண்டியிலிருந்து இன்னும் மூன்று டீச்சர்மார் அங்கே போகிறார்கள். சிறிய கார் ஒன்று வாங்கினால் நால்வரும் சேர்ந்து போய்வரலாம் என்று அம்மா அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பாடசாலை. அதற்கு முந்திய சனிக்கிழமை, பழைய கார் ஒன்றை அந்தப் பாதையிலேயே ஓட்டிப் பார்க்கப் போனோம். மலைப்பக்கத்துக்கு இப்படிக் கார் தேடுபவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அது ஜப்பான் கார், ஆயிரம் சிசி, ஓட்டோ கியர், பதினொரு வயது. மீட்டரில் 92,400 கிலோமீட்டர். விலை நாற்பத்தாறு இலட்சம். உரிமையாளர் ரஸீன் நானா, கண்டியில் துணிக்கடை வைத்திருப்பவர். அப்பா தனக்குத் தெரிந்த மெக்கானிக் சிவா பாஸையும் கூட்டி வந்தார். அம்மா ஓட்ட, நான் பின்சீட்டில் நடுவில், மடியில் குறிப்புப் புத்தகம்.

7.40க்குப் புறப்பட்டு, பேராதனை, கலஹா வழியாக 9.15க்குத் தெல்தோட்டைக் கடைத்தெருவை அடைந்தோம். மீட்டர்படி 31 கிலோமீட்டர். கார் நன்றாகவே ஓடியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே வெட்டில் திரும்பியது. எதிரே பஸ் வந்தபோது வடிகான் ஓரமாக ஒதுங்க இடம் போதுமாக இருந்தது. உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும் என்றார் பாஸ். குறைகளும் உண்டு. டிக்கியில் இரண்டு பைகளுக்கு மேல் வைக்க முடியாது. மேட்டில் எஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. குழியில் விழும்போது முன்சில்லுப் பக்கம் ‘டக் டக்’ என்றது.

“அது ரப்பர் புஷ் தேஞ்ச சத்தம். இந்த மாதிரி கார் எல்லாத்துலயும் வரும், மாத்திக்கலாம்” என்றார் பாஸ்.

“ஏசியப் பாருங்க டீச்சர், ஐஸ் மாதிரி ஈக்கி!” என்றார் நானா.

கடைத்தெருவில் ரொட்டியும் தேநீரும் ஐந்து பேருக்கும் 900 ரூபா. அங்கிருந்து பாடசாலைக்கு இரண்டு கிலோமீட்டர் கொங்கிரீட் பாதை, கடைசி முந்நூறு மீட்டர் செங்குத்து. அதன் அடியில் அம்மா காரை நிறுத்தினார். அப்பா கதவைத் திறந்து இறங்கினார். நானா இறங்கினார், பாஸ் இறங்கினார், நானும் இறங்கினேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. த்ரீவீலரில் போகும்போது இப்படி மேடு வந்தால் நாங்கள் எப்போதும் செய்வதுதான்.

கார் விறுவிறுவென்று ஏறிப் போனது.

“பாத்தீங்களா சார், ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுது!” நானா கை தட்டினார். நாங்கள் மூச்சு வாங்க நடந்து மேலே போனோம்.

‘ஏற்றம்: மிக நன்று’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையை எழுதப் போனேன். ஒன்று என்றுதான் எழுத முடிந்தது.

“அப்பா, கார்ல அம்மா மட்டுந்தான் இருந்தாங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாஸ் தலையில் கைவைத்துச் சிரித்தார். “நல்லா டெஸ்ட் பண்ணோம் போங்க! நம்ம கால்தான் பாஸாகியிருக்கு.”

கீழே இறங்கி, ஐந்து பேரும் உட்கார்ந்து மறுபடி ஏறினோம். பாதி மேட்டில், மதகுக்குப் பக்கத்து வளைவில் எஞ்சின் அலறியது. கார் நகரவில்லை. அரை அடி பின்னால் சரிந்தது. அம்மா பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கருகல் வாடை வந்தது. அப்பாவின் கை கதவுக்குப் போனது.

“இறங்காதீங்க சார்! இதத்தானே பாக்க வந்தோம்” என்றார் பாஸ்.

இந்தக் கியர்பெட்டிக்குள் பல்சக்கரங்களுக்குப் பதில் ஒரு பெல்ட் இருக்கிறதாம். எண்ணெய் பழசாகிச் சூடேறினால், பாரம் கூடும்போது அது வழுக்குமாம்.

“எண்ணெய் எப்ப மாத்தினீங்க நானா?” என்று கேட்டார் அம்மா.

“வாங்கினதுக்குப் பொறகு மாத்தவே இல்ல. அல்லாஹ் மேல ஆணையா எனக்கு இது தெரியா டீச்சர். ஏத்தம் வந்தா எங்கட ஊட்டு ஆக்களும் எறங்கிருவாங்க.” அவர் முகம் வாடிப்போயிருந்தது. “ரெண்டு இலட்சம் கொறச்சுத் தாறன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பாஸைப் பார்த்தார். “எண்ணெய் மாத்தினா சரியாகுமா?”

“ஆகலாம். பெல்ட் போயிருந்தா ஆகாது. கழட்டினாத்தான் தெரியும்.”

அம்மா காரை மெதுவாகப் பின்னால் விட்டுச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை நானாவிடம் கொடுத்தார். “வேணாம் நானா. மூணு டீச்சர்மார தினமும் இந்த வளைவுல இறக்கி நடக்க விட என்னால முடியாது.”

திரும்பும்போது நானா ஓட்டினார். காலையில் டாங்கியை நிறைத்துக்கொண்டுதான் புறப்பட்டிருந்தோம்; கண்டியில் மறுபடி பெட்ரோல் நிரப்பிப் பார்த்தோம்: 66 கிலோமீட்டருக்கு நாலரை லீட்டர். சிக்கனம்தான். திங்கட்கிழமை அம்மா 5.20க்குப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டதாகவும், அவர்கள் கோபிக்கவில்லை என்றும் மாலையில் சொன்னார்.

கார் பார்க்கப் போகிறவர்களுக்கு: நீங்கள் தினமும் போகப்போகும் பாதையிலேயே ஓட்டுங்கள். எஞ்சின் சூடான பிறகு மேட்டில் ஒருமுறை நிறுத்தி, மறுபடி எடுங்கள். கியர் எண்ணெய் மாற்றிய ரசீதுத் துண்டைக் கேளுங்கள். தினமும் எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். மேடு வந்ததும் கால் தானாகக் கதவுப்பக்கம் போகும். இறங்கிவிடாதீர்கள்.