சொல்லின் கீழே புள்ளிகள்

கண் இருப்பதைப் பார்க்கிறதா, இருக்க வேண்டும் என்று மனம் நினைப்பதைப் பார்க்கிறதா? பாக்கியலெட்சுமியின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவளிடம் அது கேள்வியாக வரவில்லை. அட்டை கிழிந்த ஒரு மெலிந்த கையேட்டின் முதல் பாடமாக வந்தது.

ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பதுளைக்கு வருவாள். பஜாரில் புவாத்தின் அச்சகத்தில் பில் புத்தகங்களுக்குப் பசை தடவுவதும் கல்யாணப் பத்திரிகைகளை மடிப்பதும் அவள் வேலை. அங்கே புரூப் பார்த்து வந்த வாத்தியார் தன் மகனோடு கொழும்புக்குப் போய்விட்ட பிறகு, அச்சான தாள்கள் பிழையோடு திரும்பி வரத் தொடங்கின. சென்னைக்குப் போய்வந்த புவாத் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையேடு ஒன்றை மேசையில் போட்டார். பிழை திருத்தக் கற்கிறவர்களுக்காக எழுதியது.

"ஓ லெவல்ல தமிழுக்கு ஒனக்கு என்ன ரிசல்ட், தங்கச்சி?"

"பி தான், நானா."

"எனக்கு வெறும் பாஸ், எஸ். அப்ப நீதான் படிக்கோணும்."

ஜன்னலோரம் இருந்த புரூப் மேசையின் மேல் அவளுக்கு ஆசை இருந்தது. நகக்கண்ணில் காய்ந்த பசை மத்தியானச் சோற்றோடு வாய்க்குள் போகாத இடம் அது.

எழுத்தைப் பார், சொல்லைப் பார்க்காதே என்றது கையேடு. சொல்லைப் பார்த்தால் மனம் முந்திக்கொண்டு, விடுபட்ட எழுத்தைத் தானே போட்டு நிரப்பிவிடும். அதனால் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் அச்சுத்தாளைப் பார்க்க வேண்டும். வாசிக்க அவளுக்குக் கிடைத்தது கணவன் தயாபரன்தான். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவன், எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பான். அடுத்து வரும் சொல் என்னவாக இருக்கும் என்று எதிர்பார்க்க அவனுக்குத் தெரியாது. கையேடு கேட்டதும் அப்படிப்பட்ட ஆளைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து வாசிப்பார்கள்.

"சுற்றமும் கமா நட்பும் கமா... ஏன் பாக்கியம், இந்தக் கமாவையும் நான் கத்தணுமா?"

"ஆமாங்க. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"பக்கத்துக் காம்பராவுல கேட்டா, இவங்க சண்டைக்கும் கமா போடுறாங்கன்னு பேசுவாங்க."

"நீங்க வாசிங்க."

"வாசிக்கிறேன் டீச்சர். முற்றுப்புள்ளி."

பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தச் சத்தம்தான் வீட்டின் சத்தம்.

அவள் பார்த்த முதல் பெரிய வேலை அவளுடைய தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கசாமியின் மகள் கல்யாணப் பத்திரிகை. கையேட்டின் பின்பக்க அட்டவணையில் 'லட்சுமி' சரி, 'லெட்சுமி' பிழை என்று இருந்தது. மணப்பெண் விஜயலெட்சுமியை விஜயலட்சுமி ஆக்கினாள். அச்சாகிப் போன மறுநாளே ரெங்கசாமி பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார்.

"யாரு பாத்தது?"

"நாந்தாங்க, மாமா."

"பொறப்பு சேட்டிபிக்கட்டுல லெ. ஐடென்டியில லெ. கொம்ப ஒடச்சிட்டியே. கல்யாணத்த பதியப் போனா, இது வேற பொண்ணும்பான். பொண்ண நான் பெத்தேனா, நீ பெத்தியா?"

"புத்தகத்துல அப்படித்தான்..."

"அந்தப் புத்தகம் ஒன் பேரையும் பிழைன்னுதானே சொல்லும்? மொதல்ல அத திருத்திட்டு வா."

புவாத் சிரித்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கு அவள் கையேட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, அதுவரை தாண்டிப் போயிருந்த ஒரு குறியைப் படித்தாள். திருத்தியதே தவறாகிவிட்டால், ஓரத்தில் எழுதிய திருத்தத்தை அடித்துவிட்டு, மூலச்சொல்லின் கீழே புள்ளிகள் வைத்து, பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும்.

தயாபரனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "டீ குடிக்கிறீங்களான்னா இருக்கட்டும். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போகலையான்னா இருக்கட்டும். நம்ம ஆளுங்க பொழுதுக்கும் சொல்றதுதானே. இதுக்குப் புத்தகம் வேறயா?"

மேசை அவளுக்குக் கிடைத்தது. பெரிய திறமைசாலி ஆகிவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. ஒற்று மிகும் இடங்களில் கடைசிவரை தடுமாறினாள். ஆனால் பெயர் என்று வந்தால் கேட்காமல் கைவைக்க மாட்டாள். இன்னொன்றிலும் பிடிவாதம் இருந்தது. பட்டியலில் ஒரு பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி எல்லாப் பெயருக்கும் முன்னால் வர வேண்டும் என்பது கையேட்டின் விதி. ஒரு முறை நினைவஞ்சலித் தாளில் ஒரே ஒரு 'அமரர்' விடுபட்டிருந்ததற்காக, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னாள்.

"மெஷின நிப்பாட்டுற அளவுக்கு அதுல என்ன இரிக்கு, தங்கச்சி?" என்றார் புவாத்.

"செத்தவங்கள்ள ஒருத்தர மட்டும் வெளியில நிப்பாட்டக் கூடாது, நானா."

அதற்குப் பிறகு அச்சகத்தில் யாரும் அவள் பார்த்த புரூப்பை இரண்டாவது முறை பார்க்கவில்லை. அந்த ஒன்றைத்தான் அவள் பெருமையாக வைத்திருந்தாள்.

பிறகு அந்த மழை வந்தது. பகலிலேயே பஸ் நின்றுவிட்டது. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் றிப்தா, தன் வீட்டில் தங்கச் சொன்னாள். பாக்கியலெட்சுமி தயாபரனுக்குப் போன் எடுத்தாள்.

"நடந்தாவது வந்துர்றேங்க."

"இருக்கட்டும், பாக்கியம். சோறாக்கிட்டேன். மழ விட்டதும் வா."

விடிந்தபோது மேல் மலை இறங்கி லயத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. தோண்டத் தோண்ட மண் சரிந்துகொண்டே இருந்தது. பலரை எடுத்தார்கள். தயாபரனை எடுக்க முடியவில்லை. இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று நிறுத்தினார்கள். அதில் பொய் இல்லை. அவளும் அங்கே நின்று பார்த்தவள்தான்.

அவள் யாரோடும் வாதாடவில்லை. கருமாதி செய்ய வேண்டும் என்றார்கள், சரி என்றாள். பொட்டை எடுத்தாள். மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டாள். மற்றக் குடும்பங்களோடு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு வேலைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் மட்டும் அவளுக்குத் தொல்லையாக இருந்தது. நீல ஸ்வெட்டரும் சற்றுச் சாய்ந்த தோளும் தெரிந்தால் போதும், மிச்சத்தை மனம் போட்டு நிரப்பிவிடும். கிட்டப் போனால் யாரோ ஒருவர் குடையை உதறிக்கொண்டிருப்பார். கையேடு சொன்னது சரிதான். அதற்கு மருந்தாக அது சொன்ன வழிக்குத்தான் இப்போது ஆள் இல்லை. வாசித்துக் காட்டும் வேலை றிப்தாவுக்கு வந்தது. கமாவையெல்லாம் விழுங்கிவிட்டு வேகமாக வாசிப்பாள். பாக்கியலெட்சுமி அவளைத் திருத்தவில்லை.

வருசம் திரும்பியது. முதலாண்டு நினைவு மலர் அடிக்க, பெயர்ப் பட்டியலோடு ரெங்கசாமி அச்சகத்துக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"பேருல பிழ வராம பாத்துக்கம்மா. நீ பாத்தா போதும். நான் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

"சரிங்க, மாமா."

றிப்தா கோத்துக் கொடுத்தாள். பாக்கியலெட்சுமி ஜன்னலோரம் தாளை வைத்து, எழுத்தெழுத்தாக இறங்கினாள். அமரர், அமரர், அமரர் என்று பெயர்களுக்கு முன்னால் ஒரே சொல் வரிசையாகக் கீழே இறங்கியது. நடுவில் ஒரு வரி மட்டும் வெறும் பெயரோடு தொடங்கியது. தயாபரன்.

மூலத்தைப் பார்த்தாள். ரெங்கசாமி சரியாகத்தான் எழுதியிருந்தார். விட்டது றிப்தாவின் கை. பாக்கியலெட்சுமி பெயருக்கு முன்னால் சேர்க்கைக் குறி போட்டு, ஓரத்தில் 'அமரர்' என்று எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும்போலத் தெளிவாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா? அடிக்கக் குடுக்கட்டா?" என்று உள்ளேயிருந்து புவாத் கேட்டார்.

அவள் ஓரத்தில் எழுதிய சொல்லை ஒரே கோடாக அடித்தாள். தயாபரன் என்ற பெயரின் கீழே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்றாக, புள்ளிகள் வைத்தாள். பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினாள்.

தாளை வாங்கிய றிப்தாவுக்கு முகம் மாறியது. "அக்கா, இதுல நான்தான் விட்டுட்டேன்..."

"தெரியும். குடு."

புவாத் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன நாள் அவருக்கு மறந்திருக்காது. தாளை அப்படியே அடிக்க உள்ளே எடுத்துப் போனார்.

நினைவுப் பூசையன்று மலரை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ரெங்கசாமி அந்த வரியில் விரலை வைத்தபடி அவளிடம் வந்தார்.

"இது பிழையாம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். மலரை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள். புரூப் பார்த்தவள் சொந்தப் புருஷன் பேரிலேயே கோட்டை விட்டுவிட்டாள் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அதையும் அவள் திருத்தவில்லை.