என் மார்புக்கு ஒரு மாற்று ஆள்

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான்கு வருஷம் தற்காலிகக் கூலியாக மூட்டை தூக்கினேன். வெள்ளைக்காரன் கப்பல் ஏறி இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, குற்றவாளி என் நெஞ்சுதான். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால், மாதம் ஒரு முறை வரும் டாக்டர் நம் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துத் ‘தகுதி’ என்று எழுதித் தர வேண்டும். மூட்டையோடு ஏணி ஏறும்போது அடக்க ஒடுக்கமாக இருக்கும் அந்த நெஞ்சு, டாக்டரைக் கண்டதும் பேயாட்டம் ஆடும். உள்ளங்கை நனையும். உதடு மரத்துப்போகும். தொண்டையை யாரோ பிடித்த மாதிரி மூச்சு முட்டும். செத்தோம் இன்றைக்கு என்று சத்தியமாகத் தோன்றும். டாக்டர் “அடுத்த தடவை வா” என்பார். என் முறை ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். இப்படி இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவது தடவையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அதோடு போயிற்று என் நிம்மதி. டாக்டர் எதிரில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்தாலே படபடப்பு வந்தது.

எங்கள் மீனவக் குப்பத்தில் வைத்தியம் தெரியாத மனிதர் கிடையாது. சோடாக் கடைக்காரர் வாயு என்றார். ஒரு மாதம் இஞ்சி சோடா குடித்தேன், ஏப்பம் பிரமாதமாக வந்தது. தர்காவில் ஓதித் தந்த தண்ணீரைக் குடித்தேன், தாகம் தீர்ந்தது. கம்பவுண்டர் ரோஸ் கலரில் ஒரு மிக்சர் கொடுத்தார். அது வேட்டியில் பட்ட கறையை இன்றுவரை எடுக்க முடியவில்லை. என் மனைவியோ மருந்துக்கெல்லாம் மெனக்கெடவில்லை. “டாக்டரு இன்னா கடிச்சுடுவாரா? நீ ஆம்பளதானேய்யா?” என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேர் கேட்கச் சிரித்தாள்.

அவளையும் மிஞ்சியவன் அவள் தம்பி. பக்கத்துக் குடிசை. கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவன், கதவு அகலத்துக்கு மார்பு. “மாமு, உன் நெஞ்சுக்குள்ள இன்னா கோழிக்குஞ்சா வளக்குறே?” என்று ஒரு வருஷமாக என்னை வைத்துத்தான் குப்பத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனே யோசனையும் சொன்னான்.

“பேஜாரு பண்ணாத மாமு. உன் சட்டையையும் பில்லையையும் குடு. நான் போயி நெஞ்சக் காட்டிட்டு வரேன். அவரு இன்னா மூஞ்சியவா பாக்குறாரு?”

அவன் சொன்னது நிஜம். டாக்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ மார்புகள், என் கழுத்துக்கு மேலே அவர் கண் போனதே இல்லை. எனக்கு அந்த யோசனை மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த நாள் வந்தது. என் காக்கிச் சட்டையை மாட்டி, நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைக் குத்திக்கொண்டு மச்சான் உள்ளே போனான். நான் எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றேன். மார்பைக் காட்டப் போனவன் அவன், அடித்துக்கொண்டதென்னவோ என் நெஞ்சு. வெட்கங்கெட்ட நெஞ்சு.

அரைமணி கழித்து அவன் வந்தான். சட்டை கையில் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை.

“மாமு, நெஞ்சு நின்னுடும் போல கீது. வூட்டாளு யாராச்சும் இருந்தா இட்டுகினு வான்னாரு.”

ஆக, எனக்கு நானே உறவுக்காரனாக உள்ளே போனேன். டாக்டர் காகிதத்திலிருந்து தலையெடுக்காமல், “இவருக்கு நீங்க என்ன வேணும்?” என்றார். “மச்சான்” என்றேன். அன்றைக்கு அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“இதயத்துல கோளாறு ஒண்ணும் தெரியல. எல்லாம் பயம். எத்தனை நாளா இப்படி இருக்கு?”

நான் பொய்யைத் தேடுவதற்குள், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த மச்சானே பேசினான்.

“ஏழு வருசமா டாக்டரு. காலைல கட்டுமரத்தத் தள்ளுறப்போ வரும். கையி மரத்துடும். மூச்சு வராது. வாந்தி எடுத்துட்டுத்தான் தெனம் போறேன். யாருக்கும் தெரியாது.”

அடப்பாவி! ஒவ்வொன்றும் என்னுடையது. இதில்கூட அவன் எனக்கு ஆறு வருஷம் சீனியர்! ஓங்கி அறையலாமா என்று வந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்றும் வந்தது.

டாக்டரின் பேனா நின்றது. “கட்டுமரமா? மூட்டை தூக்குற ஆளுன்னுல்ல எழுதியிருக்கு?” முதல்முறையாக நிமிர்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

எல்லாவற்றையும் கக்கினோம். அவர் திட்டிய திட்டு மேஸ்திரிக்கும் வராது. பிறகு எல்லோரும் போகும்வரை எங்களை மூலையில் உட்கார வைத்தார். என் முறை வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் நெஞ்சு வழக்கம்போலத் துள்ளியது. அவர் எடுக்கவில்லை. “உன் மச்சான் உன்னை என்ன சொல்லிச் சிரிப்பான், சொல்லு” என்றார். ஒரு வருஷத்து ஆத்திரத்தையும் கொட்ட ஆரம்பித்தேன். கோழிக்குஞ்சில் தொடங்கி மூச்சு விடாமல் பேசினேன். பேச்சுச் சூட்டில் நெஞ்சை மறந்தே போனேன்.

அவர் ‘தகுதி’ என்று எழுதினார். “பயம் ரெண்டு பேருக்கும் இருக்கு. இந்த ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. மாசா மாசம் கூட்டம் போனப்புறம் ரெண்டு பேரும் வந்து பேசிட்டுப் போங்க.”

“சும்மா பேசுறதுக்கா டாக்டரு?” என்றான் மச்சான்.

“அதுக்குத்தான்.”

வழியெல்லாம் அவன் கெஞ்சினான். “அக்காகிட்ட சொல்லிடாத மாமு.” நான் என்ன மகானா? வீட்டில் கால் வைத்ததும் காகிதத்தை நீட்டி, அவன் நடுங்கியது, வாந்தி, ஏழு வருஷம் எல்லாவற்றையும் குரலை உயர்த்திச் சொன்னேன். அவன் வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் மனைவி சிரிக்கவில்லை. மீன் ஆய்ந்துகொண்டே, “தெரியும்” என்றாள். “தெனம் குடிசைக்குப் பின்னால வாந்தி எடுக்குறானே, அது மேல மண்ணப் போட்டு மூடுறது யாருன்னு நெனச்சே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்போ என்னை மட்டும் ஏன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே?”

“நீ கம்பெனி கேட்டுக்குள்ள போறவன், சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவே. அவன் கடலுக்குப் போறான்யா. சிரிச்சு அனுப்பிட்டு, அவன் திரும்பி வரலன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

வாசலில் மச்சான் அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.